கையுறைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

முப்பத்து நாலு வயதில் அவள் மறுபடியும் படிக்கப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தபோது, வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பத்தொன்பது, இருபதுதான். முதல் நாளே பக்கத்தில் இருந்த பெண், "அக்கா, இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். "தையல் கடையில. பேன்ட் குறைக்கிறது, ஜிப் மாத்துறது" என்று இவள் சொல்லி முடிக்கவில்லை, மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்க அவள் டெய்லரக்கா ஆகிவிட்டாள். வேலைக்குப் போன இடத்துக்கும் அந்தப் பெயர் எப்படியோ பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது.

தையல் கடையை மூடிவிட்டார்கள். வேறு கடை கிடைக்காமல் இல்லை. ஆனால் அவள் மனசில் வேறொன்று இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது கடுமையான காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு அகப்படாமல் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தார்கள். பிள்ளை போட்ட கூச்சலில் டெய்லரக்கா கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். பிள்ளையின் புறங்கையை விரலால் ஒரு தடவு தடவினாள், ஊசியை வைத்தாள், ஒட்டினாள், போய்விட்டாள். நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை. அவள் முகம் டெய்லரக்காவுக்கு மறந்துபோனது, விரல்கள் மறக்கவில்லை. துணியின் மடிப்பைத் தடவிப் பார்க்கிற விரல் மாதிரி இருந்ததே என்று அடிக்கடி நினைத்துக்கொள்வாள். அப்படித்தான் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பில் வந்து சேர்ந்தாள்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, தனக்கு எவ்வளவு பயம் என்று. ரப்பர் கையில் ஊசி குத்தச் சொன்னபோது வகுப்பிலேயே அவள்தான் முதல். சொடக்குப் போடுகிற நேரத்தில் முடித்துவிடுவாள். அதே ஊசியைப் பக்கத்துப் பெண்ணின் நிஜக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் விரல்கள் டைப் அடிக்க ஆரம்பித்துவிடும். சொல்லித்தர வந்த மேடத்துக்குப் பொறுமை கிடையாது. "இந்தக் கையை வச்சிக்கிட்டு எப்படித்தான் இத்தனை வருஷம் தைச்சீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "துணி கத்தாது மேடம்" என்றாள் டெய்லரக்கா. வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

எப்படியோ தேறினாள். பிரஷர் பார்ப்பது, இ.சி.ஜி. எடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாவற்றிலும் நல்ல பேர். ரத்தம் எடுப்பதென்றால் மட்டும் ஒவ்வொரு தடவையும் பயம்தான். ஒரு சின்ன கிளினிக்கில் வேலை கிடைத்தது. ஒரு டாக்டரம்மா, வாசலில் டோக்கன் கொடுக்கிற ஒரு அம்மா, இவள். அவ்வளவுதான் கிளினிக். டோக்கன் அம்மாவுக்குக் குரல் மைக் வைத்த மாதிரி. நோயாளிக்கு மூலமோ மூட்டுவலியோ, எதுவானாலும் தெருவுக்கே கேட்கும்படிதான் விசாரிப்பாள். டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பார்ப்பேன். சரிப்பட்டா வச்சிக்குவேன்."

அந்த மூன்று மாதத்தில் பாதி போயிருக்கும். ஒரு மத்தியானம் வெல்டர் ஒருவர் வந்தார். கொஞ்ச நாளாகவே உடம்பு அசதி, சாப்பாடு இறங்கவில்லை என்று வந்தவரை டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட புள்ளிகள்.

"தங்கச்சி, நாள் பூரா நெருப்பு முன்னாடி நிக்கிறவன் நான். ஆனா ஊசின்னா மட்டும் எனக்கு ஆகாது" என்றார்.

"எனக்கும் ஆகாதுண்ணே" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "சும்மா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் பாருங்க" என்றாள்.

ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு கயிறு மாதிரி எழும்பி நின்றது. ஒரே குத்தில் ரத்தம் வந்தது. குழாய் நிரம்பியது. பட்டையை அவிழ்த்து, பஞ்சை வைத்து, ஊசியை வெளியே இழுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் காற்றுக்குக் கதவு படாரென்று அடித்தது. வெல்டர் தூக்கிவாரிப்போட்டு முழங்கையை மடக்கினார். அவர் கை அவள் வலது கையைத் தட்ட, ஊசி இடது கையில் போய் இறங்கியது. ஆள்காட்டி விரலில்.

வலி ஒன்றும் பெரிதாக இல்லை. தையல் மெஷினில் இதைவிட ஆழமாக எத்தனையோ தடவை குத்தியிருக்கிறது. குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கையுறைக்கு உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லப் பரவியது.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் வெல்டர், இன்னும் சுவரைப் பார்த்தபடி.

"ஆச்சுண்ணே. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கங்க." தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

அவர் போனதும் ஊசியை, குத்திய ஊசிகளைப் போடுகிற மஞ்சள் டப்பாவில் போட்டாள். கையுறையைக் கழற்றினாள். குழாயைத் திறந்து சோப்பு போட்டுக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். வகுப்பில் மேடம் சொன்னது அப்படியே காதில் கேட்டது: கழுவு, உடனே சொல்லு, ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடாதே. கழுவியாயிற்று. சொல்லத்தான் முடியவில்லை. டாக்டரம்மா அறைக் கதவு வரை போனாள். உள்ளே யாருக்கோ அவர் மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஊசியைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதவளா நீ என்று கேட்டால்? நாளையிலிருந்து வர வேண்டாம் என்றால்? அதெல்லாம்கூட அப்புறம். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும். சொல்லாத வரைக்கும் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. திரும்பி வந்து அடுத்தவருக்கு எடை பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் வழக்கம்போல் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளப் போனாள்.

"தொடாதே!"

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பதே டெய்லரக்காவுக்குத் தெரியாது. பிள்ளை நின்ற இடத்தில் நின்றுவிட்டாள். பத்து வயசுப் பெண், அழவும் தெரியாமல் கேட்கவும் தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். "கிளினிக்ல இருந்து வர்றேன்ல, குளிச்சிட்டு வந்துடறேன் கண்ணு" என்று சமாளித்தாள். ரத்தத்தில் பரவுகிற கிருமி தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். எல்லாம் தெரியும். தெரிந்தும், விரலில் பிளாஸ்டர் சுற்றி அதன் மேல் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டுதான் வெங்காயம் நறுக்கினாள். தன் டம்ளரைத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்தாள். "விரல்ல என்ன?" என்றான் புருஷன். "கத்தி பட்டுடுச்சு" என்றாள்.

மறுநாள் கிளினிக் திறக்கும் முன்பே போய்விட்டாள். சும்மா இருக்க முடியாமல் தரையைத் துடைத்தாள். டோக்கன் அம்மா உள்ளே வந்து பையை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஏன்டி டெய்லரு, தரை துடைக்க எதுக்கு ரெண்டு கிளவுஸு?"

அவ்வளவுதான். துடைப்பத்தைப் பிடித்தபடியே டெய்லரக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைக்கு நடுவே விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. டோக்கன் அம்மா துடைப்பத்தை வாங்கி ஓரமாகச் சாய்த்தாள். கையைப் பிடித்துத் தூக்கி நேரே டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டாக்டரம்மா முழுவதும் கேட்டார். முகம் சிவந்துவிட்டது.

"குத்தினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எனக்கும் குத்தியிருக்கு. நேத்தே ஏன் சொல்லல? மாத்திரை நேத்தே ஆரம்பிச்சிருக்கணும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. உனக்குச் சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க."

"அப்புறம்?"

"பயமா இருந்துச்சு மேடம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். குரலை இறக்கி, "இப்பவும் நேரம் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, நான் போன் பண்ணிச் சொல்றேன். காமாலைத் தடுப்பூசி நீ போட்டிருக்கே, அந்த வகை பத்திக் கவலை இல்ல. மத்தது ரெண்டு, எய்ட்ஸும் இன்னொரு ஈரல் கிருமியும். அந்த வெல்டரைக் கூப்பிட்டு ஒரு டெஸ்ட் எடுத்துட்டா பாதிக் கவலை தீர்ந்துடும்" என்றார்.

வெல்டருக்கு டோக்கன் அம்மா போன் போட்டாள். "கிளினிக்ல இருந்து பேசறோம், இன்னொரு ரத்த டெஸ்ட் எடுக்கணும், உடனே வாங்க" என்று அவள் வழக்கமான மைக் குரலில் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தால் போன் அணைந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளிடமும் ரத்தம் எடுத்தார்கள். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார்கள். அந்த ஆளின் ரிசல்ட் வரும்வரை நிறுத்தக் கூடாது என்றார்கள். வெளியே வந்து புருஷனுக்குப் போன் செய்தாள். ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், சரக்கு இறக்கிவிட்டு அப்படியே வந்து சேர்ந்தான். மர நிழலில் நிறுத்தி வைத்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தவன், தன்னை அறியாமல் அரை அடி பின்னால் நகர்ந்தான்.

அரை அடிதான். அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். உடனே முன்னால் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பிடித்த கை ஜில்லென்று இருந்தது.

"தப்பா எடுத்துக்காத" என்றான்.

"நானே பாப்பாவைத் தொட விடலங்க. நீங்க நகந்ததுல என்ன தப்பு?" என்றாள். சொல்லிவிட்டாள்தான். ஆனாலும் அந்த அரை அடி ரொம்ப நாள் நெஞ்சில் கிடந்தது.

"அந்த ஆளு எங்க இருக்கான்?" என்றான் அவன்.

வெல்டிங் பட்டறை பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. வேனை நிறுத்திவிட்டுப் புருஷன் உள்ளேயே இருந்தான், அவள் மட்டும் இறங்கினாள். பாதி செய்த இரும்பு கேட் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதற்குப் பின்னால் வெல்டர் நீலப் பொறி பறக்க வேலை செய்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமூடியைத் தூக்கினார். ஆள் வெளுத்துப் போயிருந்தார்.

"எத்தனை நாள்னு சொல்லிடு தங்கச்சி" என்றார்.

"என்னண்ணே?"

"இடம் தேடி வந்துட்டீங்கன்னா சாதாரண வியாதியா இருக்காது. புத்துநோயா? எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடு. இழுக்காதே."

"ஐயோ, உங்க ரிசல்ட் இன்னும் வரவே இல்லண்ணே. நான் வந்தது என் விஷயமாத்தான்." விரலைக் காட்டினாள். "நேத்து நீங்க கையை மடக்குனப்ப, உங்களைக் குத்தின ஊசி என்னைக் குத்திடுச்சு."

அவர் விரலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பயம் இறங்கிக் கோபம் ஏறியது. "அப்ப எனக்குக் கெட்ட வியாதி இருக்குன்னு சொல்றியா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"அப்படிச் சொல்லலண்ணே. இருக்கா இல்லையான்னு தெரியல. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நேத்து சாயங்காலத்திலிருந்து அவளை நான் தொடல."

வெல்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். ஒரு காலி டின் மேல் உட்கார்ந்தார்.

"பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு கட்டடத்துல வேலை செய்யறப்ப சாரத்துல இருந்து விழுந்தேன்" என்றார். "ரத்தம் ஏத்துனாங்க. எங்கிருந்து கொண்டுவந்தாங்களோ யாருக்குத் தெரியும். அப்புறமா ஒருத்தர் சொன்னாரு, ஒரு தடவை செக் பண்ணிக்கோன்னு. பண்ணல. பார்த்தா தெரிஞ்சிடும்ல? அதான் பார்க்கல."

அவளுக்கு டாக்டரம்மா அறைக் கதவு வரை போய்த் திரும்பிய தன் கால்கள் ஞாபகம் வந்தன. "வாங்கண்ணே, போயிடலாம். வேன் இருக்கு" என்றாள். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் வெல்டர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். அவள் தானாகப் போய் அழைத்து வந்ததற்கு டாக்டரம்மா தனியாக ஒரு அர்ச்சனை நடத்தினார். "யாரைக் கேட்டுப் போனே? போய் நிக்க வேண்டியது நீ இல்ல, நான்" என்றார். ஆனால் அன்றைக்கு ரத்தத்தை அவரே எடுத்தார்.

பெரிய பயம் எதுவோ, அது இல்லை என்று முதலில் வந்தது. டெய்லரக்காவின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அதைச் சாப்பிட்டு வாந்தி எடுத்தே ஓய்ந்திருந்தவள், அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது. வெல்டருக்கு ஈரல் கிருமி இருந்தது. தடுப்பூசி போட்டுத் தடுக்க முடிகிற வகை இல்லை, இன்னொரு வகை. அவருடைய அசதிக்கு அதுதான் காரணம். மாத்திரையிலேயே குணமாகும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வெல்டர் காதில் ஒன்றும் ஏறவில்லை. எழுந்து நின்று டெய்லரக்காவைப் பார்த்தார். "நான் பாட்டுக்கு இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"எனக்கு மேடம்?" என்றாள் அவள்.

"நூறு பேருக்குக் குத்தினா ஒருத்தருக்கு வந்தாலே அதிகம். வந்தாலும் மருந்து இருக்கு. இதுக்கு முன்கூட்டியே போட்டுக்க எதுவும் இல்ல. ஒண்ணரை மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட், ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு. அதுவரைக்கும் காத்திருக்கணும்."

தொண்ணூற்றொன்பது பேர் டாக்டரம்மா கண்ணுக்குத் தெரிந்தார்கள். டெய்லரக்காவுக்கு அந்த ஒருத்தி மட்டும்தான் தெரிந்தாள்.

அந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்கே விளங்காது. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பாள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒருநாள் அலறியே விட்டாள். புருஷன் அன்றே கடைக்குப் போய் வீடு முழுக்க வெள்ளை பல்பாக மாற்றினான். லேசாகத் தும்மினால் பயம், பசிக்காவிட்டால் பயம், அதிகமாகப் பசித்தால் அதுவும் பயம். மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவள் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வந்து, "தொட்டா வராதுன்னு போட்டிருக்கு பாருங்கம்மா" என்று விரல் வைத்துக் காட்டி, பதிலுக்குக் காத்திருக்காமல் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறக்கிவிட டெய்லரக்காவுக்கு மனசு வரவில்லை. பயமும் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கிளினிக்கில் எடை, பிரஷர், கட்டு இதோடு சரி. ஊசிப் பக்கமே போகவில்லை. முதல் டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் டாக்டரம்மா, "நாளையிலிருந்து நீதான் எடுக்கணும். நான் நோயாளியைப் பார்க்கறதா, ரத்தம் எடுத்துட்டு இருக்கறதா?" என்றார். மறுநாள் ஒரு ரிட்டயர்டான வாத்தியார் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டெய்லரக்கா பட்டையைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. நான் சொல்ற வரைக்கும் கையை மட்டும் ஆட்டாதீங்க."

"நீயே பயந்தா நாங்க எங்கம்மா போறது?" என்றார் வாத்தியார். ஆனால் கையைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார். மூச்சுகூட விடவில்லை. ஊசி வெளியே வந்து மஞ்சள் டப்பாவுக்குள் விழுந்த பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாரிடமும் அதையே சொன்னாள். சிலர் சிரித்தார்கள், ஒருத்தர் எழுந்தே போய்விட்டார். மற்றவர்கள் அசையாமல் இருந்தார்கள்.

வெல்டர் அந்தப் பக்கமே வரவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் எதிரே வந்தவர், அவளைக் கண்டதும் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா மூலம் தெரிந்தது. அதுபோதும் என்று இருந்துவிட்டாள். பல வாரம் கழித்து அவரே கிளினிக் வாசலில் வந்து நின்றார். முகத்தில் சதை பிடித்திருந்தது.

"போயிடுச்சாம்" என்றார். "கிருமி சுத்தமா இல்லையாம்."

"ரொம்ப சந்தோஷம்ணே."

"உனக்கு?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

கடைசி ரிசல்ட்டை வாங்க அவள் தனியாகத்தான் போனாள். புருஷன் லீவு போடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கெட்டதாக இருந்தால் முதலில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அது முடியாது. கவுன்ட்டரில் இருந்த பெண் காகிதத்தை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். டெய்லரக்கா அதைப் பிரிக்காமல் வராந்தாவின் கடைசி வரை நடந்தாள். பிரித்தாள். படித்தாள். இல்லை என்பதற்கு எந்த வார்த்தை போட்டிருப்பார்கள் என்று தெரிந்தவள்தான், ஆனாலும் சந்தேகமாக இருந்தது. பக்கத்தில் போன நர்ஸை நிறுத்தி, "இது இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். "ஆமா, இல்ல" என்றாள் நர்ஸ். புருஷனுக்குப் போன் செய்தபோது வேன் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. "ஒண்ணுமில்லங்க! ஒண்ணுமே இல்ல!" என்று அவள் போட்ட கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

நேரே கிளினிக்குக்குப் போனாள். கூட்டம் நிறைந்திருந்தது. டோக்கன் அம்மா காதில் மெதுவாகச் சொன்னாள். டோக்கன் அம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த மைக் குரலில் ஓவென்று அழ ஆரம்பித்தாள். காத்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து ஒரு பெரியவர் மரியாதைக்குத் தலைத்துண்டைக்கூடக் கழற்றிவிட்டார். டாக்டரம்மா ஸ்டெத்தோடு வெளியே ஓடி வந்து, "யாரு? யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம்" என்றாள் டெய்லரக்கா.